திறப்பு விளக்கு எரிந்தால் திகைக்க வேண்டாம்!

சகோதரிகளே, அடுப்படியில் கேஸ் வாசம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ரெகுலேட்டரை மூடுவீர்கள். ஜன்னலைத் திறந்துவிடுவீர்கள். மின்விளக்கின் சுவிட்சில் கை வைக்க மாட்டீர்கள். யாரும் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாசலில் நிற்கும் காரில் ஏறி அமர்ந்ததும் டாஷ்போர்டில் சின்னதாக ஒரு திறப்பின் படம் எரிந்தால்? நம்மில் அநேகமானோர் முதலில் செய்வது ஒன்றுதான். வீட்டுக்காரருக்கு அழைப்பது. அவர் எடுக்காவிட்டால் நானாவுக்கு. நானாவும் எடுக்காவிட்டால் கராஜ் பாஸுக்கு!

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, புதுச்செட்டித்தெரு என்று நம் பகுதிகளில் இன்று எத்தனை பெண்கள் கார் ஓட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், பிற்பகலில் டியூஷனுக்கு ஏற்றி இறக்குவதும், இடையில் உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும் அவர்கள்தான். இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் காரை எடுப்பதும் பல வீடுகளில் அவர்களே. அப்படிப்பட்ட நேரத்தில் கார் அசையாமல் நின்றால் நெஞ்சு பதறாதா? பதறும். ஆனால் அந்தச் சின்ன விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். பல வேளைகளில் இரண்டு நிமிடத்தில் கார் ஓடியும் விடும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்றும் உண்டு. கார் ஓடாமல் நிற்பதைப் பற்றி மட்டும் அந்த விளக்கு எச்சரிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை மறந்துவிட்டு நீங்கள் இறங்கிப் போகும்போதும் அது எச்சரிக்கிறது. அதை அலட்சியம் செய்ததால் உயிரே போன வீடுகள் இருக்கின்றன. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு திறப்புக்குள் மூன்று திறப்புகள்

அந்தக் காலத்தில் கார்த் திறப்பு என்றால் பல் வெட்டிய இரும்புத் துண்டு, அவ்வளவுதான். பல் பொருந்தினால் எஞ்சின் ஓடும். கள்ளனிடம் அதே போன்ற ஒரு துண்டு இருந்தால் அவனுக்கும் ஓடும். கார்க் களவு பெருகியதும் உற்பத்தியாளர்கள் வேறு வழி தேடினார்கள். 1986ஆம் ஆண்டு மாடல் செவ்ரொலே கோர்வெட் காரின் திறப்பில் சிறு மின்தடை ஒன்றைப் பதித்தார்கள். அதன் அளவைக் கார் அளந்து பார்த்த பிறகே எஞ்சின் இயங்கும். பின்னர் அதன் இடத்துக்கு இலக்கம் பதிந்த சிப் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்கள் அனைத்திலும் இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. அவுஸ்திரேலியா 2001இலும் கனடா 2007இலும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தன. இந்தப் பாதுகாப்புக்கு இமோபிலைசர் என்று பெயர். காரை நகரவிடாமல் நிறுத்துவது என்பதே அதன் பொருள்.

இன்று ஜப்பானிலிருந்து வந்து நம் வீதிகளில் ஓடும் அக்வா, ப்ரியஸ், வெகன் ஆர், ஃபிட் போன்ற கார்களின் ஸ்மார்ட் திறப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தச் சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் உண்மையில் மூன்று திறப்புகள் இருக்கின்றன.

முதலாவது, வானொலி போன்றது. நீங்கள் கதவை நெருங்கும்போதோ ஸ்டார்ட் பட்டனை அமர்த்தும்போதோ கார் தாழ்ந்த அலையில் ஒரு கேள்வி கேட்கிறது: "என் திறப்பு பக்கத்தில் இருக்கிறதா?" கைப்பைக்குள் கிடக்கும் திறப்பு உயர்ந்த அலையில் பதில் சொல்கிறது. பதில் சொல்ல அதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி, உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பெட்டரியிலிருந்து வருகிறது.

இரண்டாவது, அந்த இமோபிலைசர் சிப். இதற்குப் பெட்டரியே தேவையில்லை. திறப்பை மிக அருகில் கொண்டுபோனால் காரிலுள்ள கம்பிச் சுருளின் காந்த அலையே சிப்புக்கு உயிர் கொடுத்து அதன் இலக்கத்தை வாசித்துவிடும்.

மூன்றாவது, கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய இரும்புத் திறப்பு. பக்கத்திலோ பின்னாலோ உள்ள சிறு நாதாங்கியைத் தள்ளினால் வெளியே வரும்.

இந்த மூன்றில் அடிக்கடி இறந்துபோவது முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டும் உயிரோடுதான் இருக்கும். "திறப்பு செத்துவிட்டது" என்று நாம் கையை விரிக்கும் நேரத்தில், கையிலேயே இன்னும் இரண்டு திறப்புகள் இருக்கின்றன! இதை மட்டும் நினைவில் வைத்தாலே இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்கு வந்துவிட்டது.

முதலில் படத்தையும் நிறத்தையும் பாருங்கள்

விளக்கு எரிந்ததும் பதறாமல் அதை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். எல்லாக் கார்களுக்கும் ஒரே சட்டம் கிடையாது. ஆனால் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. பச்சை என்றால் தகவல். சில நிசான் கார்களில் பச்சைத் திறப்பு மின்னினால் திறப்பின் பெட்டரி இறங்குகிறது என்று பொருள். மஞ்சள் என்றால் கவனி. திறப்புத் தொகுதியில் ஏதோ கோளாறு இருக்கிறது, கராஜில் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே பார். பெரும்பாலும் திறப்பு காருக்குள் இல்லை, அல்லது இது என் திறப்பு இல்லை என்று கார் சொல்கிறது.

காரின் படத்தோடு பூட்டோ திறப்போ சேர்ந்திருந்தால் அது இமோபிலைசர் விளக்கு. கார் நிறுத்தியிருக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவது கோளாறு அல்ல. காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதன் அடையாளம். இரவில் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டுக் காரில் பழுது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திறப்பைத் திருகிய பிறகும், அல்லது பட்டனை அமர்த்திய பிறகும் அது மின்னிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்பேனர் படத்தைத் திறப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பேனர் எரிந்தால் சர்விஸ் செய்யும் காலம் வந்துவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். திறப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜப்பானில் ஓடிய கார் என்றால் படத்தோடு ஜப்பானிய எழுத்தும் வரும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். கைத்தொலைபேசியால் படம் பிடித்து, எழுத்தை மொழிபெயர்க்கும் வசதியில் காட்டினால் விஷயம் விளங்கிவிடும். வீட்டில் சும்மா இருக்கும்போதே, உங்கள் காரின் மாடலுக்குரிய கைநூலின் ஆங்கிலப் பிரதியைத் தேடி, விளக்குகள் உள்ள பக்கத்தை அச்சடித்துக் காருக்குள் வைத்துவிடுங்கள். அந்த ஒரு தாள் பெரிய உதவி.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இப்போது என்ன செய்வது?

வரிசையாகச் செய்யுங்கள்.

ஒன்று: ஹஸார்ட் விளக்கைப் போட்டுப் பாருங்கள். அது காரின் பெரிய பெட்டரியில் இயங்குவது. பிரகாசமாக மின்னினால் காரின் பெட்டரி நலமாக இருக்கிறது, பார்க்க வேண்டியது திறப்பைத்தான். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ பழுது திறப்பில் இல்லை. காரின் பெட்டரி இறங்கிவிட்டது. ஹைபிரிட் கார்களிலும் இந்தச் சாதாரணப் பெட்டரி ஒன்று தனியாக உண்டு. அக்வா, ப்ரியஸ் போன்றவற்றின் பல மாடல்களில் அது காரின் பின்பகுதியில் இருக்கிறது. அது இறங்கினால் பெரிய ஹைபிரிட் பெட்டரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் பலர் தேவையில்லாமல் புதுத் திறப்புக்குக் காசு கொடுக்கிறார்கள்.

இரண்டு: கியர் "பி"யில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை வழக்கத்தைவிடப் பலமாக மிதித்துக்கொண்டு பட்டனை அமர்த்துங்கள். ஸ்டீரிங் இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தால் அதை மெதுவாக இடமும் வலமும் அசைத்தபடி அமர்த்துங்கள்.

மூன்று: திறப்பைக் கைப்பையிலிருந்து வெளியே எடுங்கள். கைத்தொலைபேசி, சார்ஜர், இன்னொரு காரின் திறப்பு, சில்லறை நிறைந்த பேர்ஸ், இவற்றோடு ஒட்டிக் கிடந்தால் அலை தடைப்படும். தனியாகப் பிரித்துக் கையில் வைத்து மறுபடி முயலுங்கள். பல நேரம் இத்தோடு காரியம் முடிந்துவிடும்.

நான்கு: அப்போதும் மறுத்தால் அந்த இரண்டாவது திறப்பை, அதாவது சிப்பை எழுப்புங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு, திறப்பை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். டொயோட்டா, ஹொண்டா கார்களில் சின்னம் பொறித்த பக்கம் பட்டனைப் பார்க்க வேண்டும். "பீப்" என்று ஓசை வந்ததும், அல்லது பட்டனின் விளக்கு மாறியதும், தாமதிக்காமல் பட்டனை அமர்த்துங்கள். சில மாடல்களில் திறப்பைச் செருகவென்றே தனியாக ஒரு துவாரம் இருக்கும். திறப்பின் பெட்டரி முழுதாக இறந்திருந்தாலும் இந்த வழியில் கார் ஓடும்.

கதவே திறக்காவிட்டால்? இரும்புத் திறப்பை வெளியே எடுத்துச் சாரதி பக்கக் கதவைத் திறவுங்கள். சில கார்களில் அப்போது அலாரம் அலறும். அலறட்டும். உள்ளே போய் மேலே சொன்னபடி ஸ்டார்ட் செய்தால் அடங்கிவிடும்.

பட்டன் இல்லாமல் திறப்பைத் திருகி ஸ்டார்ட் செய்யும் கார் உங்களுடையதாக இருந்தால் வழி இன்னும் இலகு. எஞ்சின் உறுமிவிட்டு இரண்டு நொடியில் அணைந்துபோவதும், சிவப்பு விளக்கு மின்னுவதும் சிப்பின் இலக்கத்தைக் கார் வாசிக்கவில்லை என்பதன் அறிகுறி. திறப்பை வெளியே எடுங்கள். வளையத்திலுள்ள மற்றத் திறப்புகளையும் இரும்பு அலங்காரங்களையும் கழற்றுங்கள். சற்றுப் பொறுத்து, தனித் திறப்பாகச் செருகித் திருகுங்கள். ஒரே வளையத்தில் வீட்டின் எல்லாத் திறப்புகளையும் கோத்து வைப்பது நம் பழக்கம். சிப்புக்கு அது ஆகாத பழக்கம்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். பிள்ளையோ பெரியவரோ ஆபத்தான நிலையில் இருக்கும்போது காரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு முறை முயலுங்கள். ஓடாவிட்டால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள். கட்டணமில்லாத சேவை அது. காரை நாளைக்குப் பார்க்கலாம்.

நடுவீதியில் நின்றுவிட்டால்

கொச்சிக்கடையில் ஒரு கார் ஆளில்லாமல் நிற்பது மற்ற ஊர்களில் நிற்பதைப் போன்றது அல்ல. 2019 ஏப்ரல் 21 ஞாயிறு காலையில் புனித அந்தோனியார் ஆலயத்தில் நடந்ததை இந்தத் தெருக்கள் மறக்கவில்லை. மறுநாள் ஏப்ரல் 22ஆம் திகதி, ஆலயத்துக்கு அருகில் நிறுத்தப்பட்டிருந்த வேன் ஒன்றிலிருந்த குண்டைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அது வெடித்தது. ஆளில்லாமல் வீதியில் வாகனத்தை விட்டுச் செல்வோர் முன் கண்ணாடியில் தமது தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்க வேண்டும் என்று அந்த நாட்களில் அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த மாதங்களில் நம் பெண்கள் தெருவில் எத்தனை பார்வைகளுக்கும் கேள்விகளுக்கும் முகம்கொடுத்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அறிவிப்பு பிறந்த நெருக்கடி கடந்துவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். ஆலயத்தின் அருகிலோ, துறைமுகப் பக்கமோ, ஜம்பட்டா வீதியின் நெரிசலிலோ திறப்பு விளக்கு எரிந்து கார் நின்றுவிட்டால், அதை அப்படியே விட்டுவிட்டு உதவி தேடி நடந்துவிடாதீர்கள். ஹஸார்ட் விளக்கைப் போடுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடமோ கடமையிலுள்ள பொலிஸாரிடமோ நீங்களே போய், "என்னுடைய கார், திறப்பு வேலை செய்யவில்லை, ஆள் வருகிறது" என்று சொல்லுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் பெரிய எழுத்தில் தொலைபேசி இலக்கத்தை எழுதி முன் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போங்கள். அதற்காக ஒரு அட்டையும் பேனையும் காருக்குள் எப்போதும் இருக்கட்டும். ஒரு வார்த்தை முந்திச் சொன்னால் சந்தேகம் எழ இடமே இருக்காது. உங்கள் மனமும் நிம்மதியாக இருக்கும், அவர்கள் மனமும் நிம்மதியாக இருக்கும்.

காப்புறுதி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு வீதியில் வந்து உதவும் சேவையும் பல நிறுவனங்களில் சேர்ந்தே கிடைக்கிறது. அதற்கான இலக்கம் அட்டையிலேயே இருக்கும். நாம்தான் அதைப் படிப்பதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்

வெள்ளிக்கிழமை மதியம். கணவர் பள்ளிவாசல் வாசலில் இறங்குகிறார். எஞ்சின் ஓடியபடி இருக்க, நீங்கள் பக்கத்து ஆசனத்திலிருந்து சாரதி ஆசனத்துக்கு மாறிக் காரை எடுக்கிறீர்கள். "கீக் கீக்" என்று சத்தம். டாஷ்போர்டில் சிவப்பாகத் திறப்பு விளக்கு. கதவு சரியாக மூடவில்லை போலும் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போகிறீர்கள். வெள்ளவத்தையில் தங்கை வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்துகிறீர்கள். திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஓடாது! திறப்பு எங்கே? கொட்டாஞ்சேனையில், ஜும்ஆத் தொழுகையில், கணவரின் சட்டைப் பையில். அவருடைய கைத்தொலைபேசியோ அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்மார்ட் திறப்புள்ள வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. ஓடும் எஞ்சினைத் திறப்பு இல்லை என்பதற்காகக் கார் நடுவீதியில் நிறுத்தாது. நிறுத்தினால் விபத்து நேரும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அது எச்சரிக்கை மட்டும் செய்கிறது. ஆள் இறங்கியதும் இந்த விளக்கு எரிந்தால் பொருள் ஒன்றுதான்: திறப்பு இறங்கிப் போய்விட்டது. அப்போது செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: எஞ்சினை அணைக்காமல் திரும்பிப் போய்த் திறப்பை வாங்கிக்கொள்ளுங்கள். சாரதி மாறும்போது, "திறப்பு யாரிடம்?" என்று வாய்விட்டுக் கேட்பதை வீட்டில் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அணைக்க மறந்த எஞ்சின்

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

முன்பெல்லாம் திறப்பைத் திருகி எடுத்தால்தான் வீட்டுக்குள் போக முடியும். திறப்பு கைக்கு வந்தது என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று பொருள். ஸ்மார்ட் திறப்பு அந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. திறப்பு கைப்பையில், எஞ்சின் ஓட்டத்தில், நாமோ மாடிப்படியில்! ஹைபிரிட் கார் என்றால் இன்னும் ஏமாற்றும். நிற்கும்போது சத்தமே இருக்காது. அணைந்துவிட்டது என்று நாம் போய்விடுவோம். ஹைபிரிட் பெட்டரி இறங்கியதும் பெட்ரோல் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும்.

பெட்ரோல் புகையில் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அமெரிக்காவில் இவ்வாறு அணைக்க மறந்த கார்களின் புகை, வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து படுக்கையறைக்கு ஏறியதால், 2006 முதல் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருப்பதாக நியூயோர்க் டைம்ஸ் நாளிதழ் 2018இல் எழுதியது. அவர்களில் பலர் முதியவர்கள்.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? நம் கொழும்பு வீடுகளைப் பாருங்கள். காணித் துண்டு சிறியது. கார் நிற்பது வீட்டின் முன் மண்டபத்திலேயே. இரவில் ஷட்டரை இழுத்து மூடிவிடுகிறோம். மேல் மாடியில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். உம்மா கீழ் அறையில் இருக்கிறார். இதைவிட ஆபத்தான அமைப்பு வேறு வேண்டுமா?

கார் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஓட்டத்தில் விட்டுவிட்டுத் திறப்போடு வெளியே வந்தால் திறப்பு விளக்கு எரியும், பல கார்கள் வெளியேயும் "கீக் கீக்" என்று கத்தும். கையில் மரக்கறிப் பையும் தோளில் தூங்கும் பிள்ளையுமாக நாம் அதைக் கேட்காததுபோல் போய்விடுகிறோம். அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் போய்ப் பாருங்கள். டாஷ்போர்ட் முழுவதும் இருண்டிருந்தால்தான் கார் அணைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். ஷட்டரை மூடுமுன் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி என்று வந்தால் மருந்தைத் தேடாமல் முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். கதவு ஜன்னல்களைத் திறவுங்கள். காரைப் பாருங்கள். பின்பு வைத்தியசாலைக்குப் போங்கள்.

பெட்டரியை நீங்களே மாற்றலாம்

திறப்பின் பெட்டரி சுமார் ஒன்று, இரண்டு வருடம் தாங்கும். தூரத்திலிருந்து அமர்த்தினால் கதவு திறக்காமல், கிட்டப் போனால்தான் திறக்கிறது என்றால் அது களைத்துவிட்டது. திறப்பிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிவதும் அதே செய்திதான். இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் திறப்பு மாட்டும் ஆணி பெரும்பாலும் வாசல் கதவோரம்தான். காரோ அதற்கு இரண்டு எட்டுத் தூரத்தில். காரும் திறப்பும் இரவு முழுதும் பேசிக்கொண்டே இருந்தால் பெட்டரி என்னாகும்? திறப்பை உள்ளே தள்ளி வையுங்கள். தொலைக்காட்சி, கைத்தொலைபேசி சார்ஜர், இண்டக்ஷன் அடுப்பு இவற்றின் மேலோ அருகிலோ வைக்காதீர்கள்.

மாற்றுவது கடினமல்ல. இரும்புத் திறப்பை வெளியே எடுத்தால் கூட்டில் ஒரு சிறு பிளவு தெரியும். துணி சுற்றிய தட்டையான ஸ்குரூ டிரைவரால் மெல்ல நெம்பினால் கூடு இரண்டாகும். பழைய பெட்டரியில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். சிஆர் 2032 என்றிருந்தால் 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்று பொருள். சிஆர் 1632 என்றால் விட்டம் 16 மில்லிமீற்றர். எல்லாம் 3 வோல்ட்தான் என்றாலும் ஒன்றுக்குப் பதில் மற்றது பொருந்தாது. அதே இலக்கத்தையே கேட்டு வாங்குங்கள். கூட்டல் அடையாளம் முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்கட்டும். பெட்டரியை மாற்றினால் சிப்பின் இலக்கம் அழியாது. ஆகவே "பெட்டரி மாற்றியதால் திறப்பை மறுபடி புரோகிராம் செய்ய வேண்டும்" என்று யாராவது சொன்னால், காசு கொடுக்குமுன் ஏன் என்று கேளுங்கள். பெட்டரியின் விலை சில நூறு ரூபா. புதுத் திறப்பின் செலவோ பல்லாயிரம்.

தாய்மாருக்கு இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. இந்த நாணய பெட்டரி சிறு பிள்ளைக்கு யமன். விழுங்கினால் தொண்டைக் குழாயில் சிக்கி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். இறந்துபோன பெட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். பழையதை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி அப்புறப்படுத்துங்கள். அழும் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டக் கார்த் திறப்பைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, தேன் கையோடு இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி வீதம், ஆறு தடவைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். அரிப்பை அது சற்றுத் தாமதப்படுத்தும். ஆனால் தேனைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

இரண்டாவது திறப்பு இருக்கிறதா?

ஜப்பானிலிருந்து வந்த பல கார்கள் ஒரே ஒரு திறப்போடுதான் நம் கைக்கு வந்து சேர்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த கார்களே கைமாறி ஓடின. காரோடு திறப்புக்கும் வயதாகிறது. பட்டன் தேய்கிறது, கூடு வெடிக்கிறது. அந்த ஒரே திறப்பும் தொலைந்தால் செலவு பன்மடங்கு. ஏனென்றால் இருக்கும் திறப்பை வைத்து இன்னொன்றைப் பதிவது இலகு. எதுவுமே இல்லாமல் பதிவதானால், பல மாடல்களில் காரின் கணினிப் பெட்டியையே கழற்ற வேண்டிவரும்.

ஆகவே கையில் ஒன்று இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் கிடைக்கும் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாவித்த ஸ்மார்ட் திறப்பை மலிவாக வாங்குமுன், அது உங்கள் காருக்குப் பதியக்கூடியதா என்று கேளுங்கள். ஒரு காருக்குப் பதிந்த திறப்பை அப்படியே இன்னொரு காருக்குப் பதிய முடியாத மாடல்கள் பல. பதிந்து, ஓட்டிப் பார்த்த பிறகே முழுத் தொகையையும் கொடுங்கள். பதியப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாத் திறப்புகளையும் கொண்டுபோங்கள். சில மாடல்களில் அந்த நேரம் கையில் இல்லாத திறப்பின் இலக்கம் அழிந்துவிடும். வேலை முடிந்ததும், "இந்தக் காருக்கு மொத்தம் எத்தனை திறப்பு பதிவாகியிருக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு என்றால் இரண்டுதான் இருக்க வேண்டும். தொலைந்த திறப்பின் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். பாஸ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கேட்பதில் தப்பில்லை. வீட்டுப் பூட்டை மாற்றினால் கேட்கமாட்டோமா?

இவ்வளவும் படித்துவிட்டு இதழை மூடி வைத்தால் போதாது, சகோதரிகளே. இந்த வாரத்தில் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், அவசரம் ஏதும் இல்லாத நேரத்தில் காருக்குள் போய் அமருங்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோரையும் கூப்பிடுங்கள். இரும்புத் திறப்பை வெளியே எடுத்துக் கதவைத் திறந்து பாருங்கள். திறப்பைப் பட்டனோடு பிடித்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெட்டரியின் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, புதிய பெட்டரி ஒன்றையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வாங்கி வையுங்கள். அரை மணி நேர வேலை இது. அடுத்த முறை அந்தச் சின்ன விளக்கு எரியும்போது, யாருக்கும் அழைப்பு எடுக்குமுன் உங்கள் கை தானாகவே சரியானதைச் செய்யும்.